கொழும்பு அலைதடுப்புச் சுவர்: யார் கொடுத்த பணம்?

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், 1870களுக்கு முந்தைய கொழும்பில் கப்பலுக்குப் பாதுகாப்பான இடமே கிடையாது. அலை நேராக வந்து மோதும். கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட, சரக்கைப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகும் போகாது. அதனால் தபால் கப்பல்கள் தெற்கே காலித் துறைமுகத்தில்தான் நின்றன. அங்கேயோ நீருக்கடியில் பாறைகள்.

இலங்கையின் செல்வம் அப்போது காப்பி. கண்டி மலைகளிலிருந்து காப்பியைக் கொழும்புக்குக் கொண்டுவர 1867இல் ரயில் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் இலங்கை வழியாகப் பெருகின. நிலத்தில் ரயில் தயார், கடலில் பாதை தயார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாதுகாப்பான துறைமுகம் இல்லை.

இங்கிலாந்தின் போர்ட்லாந்து அலைதடுப்புச் சுவரால் பெயர்பெற்ற பொறியாளர் சர் ஜான் கூட் கொழும்பிலும் அப்படியொரு சுவருக்குத் திட்டம் வகுத்தார். ஆளுநர் வில்லியம் கிரகரி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1875 டிசம்பர் 8 அன்று, பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் முதல் கல்லை வைத்தார். சுமார் 4,200 அடி நீளம். மஹர கல்குவாரியில் சிறைக் கைதிகள் கல் உடைத்தார்கள். கட்டி முடிக்க ஏறத்தாழ பத்தாண்டு. செலவு சுமார் 7 லட்சம் பவுண்டு.

கஜானாவுக்குள் வந்த காசு

அந்த 7 லட்சம் யாருடையது? இளவரசர் கல் வைத்ததால் பிரிட்டிஷ் அரசு கொடுத்த கொடை என்று நினைத்துவிடக் கூடாது. காலனிகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே லண்டனின் அன்றைய கொள்கை. காலனிகளின் வளர்ச்சிக்கென்று பிரிட்டன் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கச் சட்டம் வந்தது 1929இல்தான். லண்டனில் கடன் வாங்கலாம். ஆனால் அசலுக்கும் வட்டிக்கும் பொறுப்பு காலனியின் கஜானா. கப்பல்கள்மீதும் சரக்குகள்மீதும் வசூலிக்கும் துறைமுகக் கட்டணத்தில் கடனை அடைக்கலாம் என்பது கணக்கு. அது போதாத ஆண்டில் தீவின் பொது வருவாய்தான் கைகொடுக்க வேண்டும்.

அந்த வருவாய் எங்கிருந்து வந்தது? இறக்குமதி அரிசிமீது சுங்கவரி இருந்தது. அந்த அரிசியைத் தின்றவர்களில் கணிசமானவர்கள், மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் தமிழ்த் தொழிலாளர்கள். தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துவிட்டு, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வது வழக்கம். உள்ளூர் உழவர் நெல்வரி கட்டினார். உப்பு அரசின் ஏகபோகம். சாராயக் குத்தகை இன்னொரு வருவாய். ஆற்றுத்துறைகளில் ஓடத்துக்கும், பாலங்களுக்கும், சாலைகளுக்கும் ஆயம் வசூலிக்கும் உரிமையை அரசு ஏலம் விட்டது. குத்தகைக்காரர் ஏலத்தில் கொடுத்ததை ஆறு கடக்கும் ஏழையிடமும் வண்டிக்காரரிடமும் மீட்டார். துறைமுகக் கட்டணம் போதாமல் போனால், கடலோரச் சுவரின் பாரத்தில் ஒரு பங்கு உள்ளூர் ஓடத்துறைகளிலும்தான் இறங்கும்.

காப்பி போனது, கடன் நின்றது

சுவர் பாதி எழுந்த நிலையில் பேரிடி. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டே வந்தது. தீவில் புழங்கிய நோட்டுகளை வெளியிட்ட ஓரியண்டல் வங்கியும் 1884 மே மாதம் மூடப்பட்டது. அதன் நோட்டுகளுக்கு அரசே உத்தரவாதம் தருவதாக ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவிக்க வேண்டியிருந்தது.

வருமானம் சுருங்கிய அதே பத்தாண்டில் நெல்வரி பாக்கி கறாராக வசூலிக்கப்பட்டது. நுவரெலியா பகுதியின் வலப்பனையில் வரி கட்ட முடியாத உழவர்களின் வயல்கள் ஏலம் போயின. பசியாலும் நோயாலும் மக்கள் மடிந்தார்கள். அங்கே பணியாற்றிய அரசு அதிகாரி லெ மெசூரியரே இதை ஆவணப்படுத்தினார். நெல்வரி 1892இல்தான் ஒழிந்தது. துறைமுகக் கடனுக்காகவே அந்த வயல்கள் பறிபோயின என்று சொல்ல முடியாது. ஆனால் துறைமுகத்துக்குப் பொறுப்பேற்ற கஜானாவும், வலப்பனை வயலை விற்று வரியை நிரப்பிய கஜானாவும் ஒன்றே.

கட்டிய சுவர் பலன் தந்தது என்பதும் உண்மை. தபால் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. கட்டணம் குவிந்தது. காப்பி போன இடத்தில் தேயிலை எழுந்து, இதே துறைமுகம் வழியாக உலகுக்குப் போனது. அடுத்த கட்டமாக மேலும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களும், 1906இல் கப்பல் பழுதுபார்க்கும் உலர் துறையும் வந்தன.

ஆனால் லாபமும் பாரமும் ஒரே வீட்டுக்குப் போகவில்லை. கப்பல் கம்பெனிக்கும் ஏற்றுமதியாளருக்கும் பத்திரமான துறை கிடைத்தது. சோற்றிலும் உப்பிலும் ஓடத்துறையிலும் வரி கொடுத்தவருக்குத் தாமும் ஒரு துறைமுகத்துக்குப் பிணை நின்றோம் என்பதுகூடத் தெரியாது. காலனி ஆட்சி ‘கட்டிக் கொடுத்தது’ என்று எதைக் கேட்டாலும், கட்டணத்தைச் செலுத்தியவர் யார் என்ற கேள்வியை நாம் விடாமல் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம்: 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவை.

(தொடரும்)