மருந்து இருந்தும் போன உயிர்கள்



"தூள் அடிச்சு மௌத்தாம்" என்று ஒரு செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது "யாருட மகன்?" என்றுதான். காப்பாற்ற வழி இருந்ததா என்று கேட்பதில்லை. வழி இருக்கிறது. நலோக்சோன் என்ற மருந்தின் வரலாற்றை நாம் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

1930இல் போலந்தில் பிறந்த யூதரான ஜெக் பிஷ்மன், சிறுவயதிலேயே நாசிகளுக்குத் தப்பி ஷங்ஹாய்க்கு அகதியாகப் போனவர். பின்னர் அமெரிக்கா சென்று இரசாயனவியலாளரானார். 1961இல் நியூயோர்க்கில் மோசஸ் லெவன்ஸ்டைனுடன் சேர்ந்து நலோக்சோனுக்குக் காப்புரிமை கோரினார். அவர்கள் தேடத் தொடங்கியது, மோர்பின் வகை மருந்துகளால் வரும் மலச்சிக்கலுக்கு ஒரு தீர்வு!

ஹெரோயின் அளவு மீறினால் மூளை மூச்சுவிடும் கட்டளையை மறந்துவிடும். நலோக்சோன் மூளையில் ஹெரோயின் பிடித்திருக்கும் இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள்தான். அதன்பின் மூச்சு மீண்டும் நிற்கலாம். ஆகவே வைத்தியசாலை கட்டாயம். ஐஸ் போதைக்கு இது வேலை செய்யாது.

1971இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. இருந்தும் கால் நூற்றாண்டாக அது பெரும்பாலும் வைத்தியசாலையிலும் அம்பியூலன்ஸிலுமே இருந்தது. உயிர்கள் போனதோ பூட்டிய அறைகளில். 1996இல் சிக்காகோவில் டேன் பிக் என்பவரின் குழு, பாவனையாளர்களின் கையிலேயே அதைக் கொடுக்கத் தொடங்கியது. "இது பழக்கத்துக்குத் துணைபோவது" என்ற எதிர்ப்பு இதற்கு எப்போதும் உண்டு. ஆனால் மௌத்தானவர் எப்படித் திருந்துவார்? தௌபாவுக்கும் உயிர் வேண்டுமே.

2014இல் உலக சுகாதார ஸ்தாபனமும், பக்கத்தில் இருக்கக்கூடியவர்களுக்கு இம்மருந்து கிடைக்க வேண்டும் என்றது. 2023இல் அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமலே மூக்கில் விசிறும் மருந்தாக விற்க அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில், 2003இல், பிஷ்மனின் வளர்ப்பு மகனே ஹெரோயின் அளவு மீறி இறந்துபோனார்.

கண்டுபிடித்தவரின் வீட்டிலேயே அப்படியென்றால் எமது வீடுகள் எம்மாத்திரம்? ஆகவே வெட்கத்துக்காகக் கதவைச் சாத்தாதிருப்போம். கூட்டாளிகள் பயந்து ஓடாதிருக்கச் சொல்லிக்கொடுப்போம். மூச்சு மந்தமாகி, உதடு நீலமாகி, தட்டியும் எழும்பாவிட்டால் உடனே 1990க்கு அழைப்போம். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைப்போம். எதைப் பாவித்தார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வோம். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.