குழந்தையைக் குறைத்துக்கொண்டது நீங்க இல்லை... உங்க பாட்டியும் அம்மாவும்தான்!

கல்யாணமாகி ஆறு மாசம் ஆவதற்குள், "என்ன, ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? ஒரு குழந்தை பிறந்தால், "அடுத்தது எப்போ?" ஒன்றே போதும் என்றால், "இந்தக் காலத்துப் பொண்ணுங்களே இப்படித்தான்" என்று தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு தப்பு. காரணம் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பம். 'கருவுறுதல் விகிதம் சரிவு' என்று செய்தி வந்தால், பெண்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று பதறாதீர்கள். ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுகிறார் என்ற கணக்குதான் அது. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப, அது சுமார் 2.1 இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி பீகாரில் 3.0, இந்தியா முழுக்க 2.0, தமிழ்நாட்டில் 1.8.

1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் இது கிட்டத்தட்ட 4. ஆனால் 90-களின் தொடக்கத்திலேயே 2.1-க்கு வந்துவிட்டது. அப்போது ஸ்மார்ட்போனும் இல்லை, ஓ.எம்.ஆர் ஐ.டி கம்பெனிகளும் இல்லை!

என்னதான் நடந்தது? தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்தபின், பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தது. நாலு பெற்றால்தான் ரெண்டாவது மிஞ்சும் என்ற பயம் போனது. பள்ளிக்கூடம், 1982-ல் விரிவான சத்துணவுத் திட்டம் என்று பெண் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்க, கல்யாண வயதும் தள்ளிப்போனது. கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்து பெரியார் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பேசியிருந்தார். படிக்காத, வசதியில்லாத குடும்பங்களும் குறைத்துக்கொண்டதுதான் இங்கே ஆச்சர்யம். காட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கும், 'ரெண்டு பெத்தாலும் படிக்க வைக்கணும்' என்ற கணக்கு புரிந்திருந்தது.

அந்தக் கணக்கின் விலையைக் கொடுத்ததும் அவர்தான். அதே ஆய்வில், நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவிகிதம். ஆண்களுக்கான வாசெக்டமி? 0.3. இத்தனைக்கும் அதுதான் சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. தொகுதி மறுவரையறை பயத்தில், '16 பிள்ளை பெற்றால் என்ன' என்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே 2024-ல் ஒரு கல்யாண மேடையில் கேட்டார். ஸ்கூல் ஃபீஸ், வாடகை, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்பதற்கெல்லாம் மேடையில் பதில் வராது. 2017 சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதற்குமேல் 12 வாரம்தான். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு அதுவும் இல்லை.

அதே சட்டத்தில், 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் உள்ளது. உங்க ஆபீஸில் இருக்கிறதா? நாளைக்கே ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்க. அப்பாக்களும் கேட்கலாம்.