உணவுப் படத்தில் அந்நியப் பொருள்: இணைப்பு நிழற்படக் கலையும் அம்பாறைச் சம்பவமும்

ஓவியனின் கை பொய் சொல்லலாம், கண்ணாடி வில்லையும் இரசாயனமும் பொய் சொல்லா என்னும் நம்பிக்கை, நிழற்படக் கலை தோன்றிய காலந்தொட்டே அதனோடு சேர்ந்து வளர்ந்து வந்துள்ளது. அந்நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு படத்தைத் திருத்தும் கைவினையும் அதேகாலத்தில் வளர்ந்தது. அக்கைவினையின் ஒரு சிறு கிளையை, அதாவது உணவுப் படத்தினுள் அங்கில்லாத ஒரு பொருளை ஒளியும் நிறமும் பொருந்தச் சேர்க்கும் முறையை, வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். அவ்வாராய்வின் துணைகொண்டு 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஓர் உணவுத் தட்டை முன்வைத்து நிகழ்ந்த வன்முறையை விளங்கிக்கொள்ள முயல்வது இரண்டாவது நோக்கமாகும். இவ்விரண்டும் ஒரே கட்டுரையில் இடம்பெறுதல் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும் தட்டில் காணப்படும் பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினா இரண்டுக்கும் பொதுவானது.

பல எதிர்ப்படிவங்களை இணைத்து ஒரே படமாக்கும் முறை 1850களிலேயே நிலைபெற்றுவிட்டது. ஒஸ்கார் றெயிலாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படிவங்களைக்கொண்டு ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் படத்தை ஆக்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து எதிர்ப்படிவங்களை இணைத்து, மரணப் படுக்கையிலுள்ள ஓர் இளம்பெண்ணைக் காட்டினார். றொபின்சனின் படத்தைக் கண்டோர் பலர் மனம் பதைத்தனர். நடித்துக் காட்டப்பட்ட மரணத்தை அவர்கள் நேரிற் கண்ட மரணமாகவே ஏற்றதனால் எழுந்த பதைப்பு அது. இலங்கையில் இம்முறையைக் கலைத்தரத்துடன் கையாண்டவர் லயனல் வென்ட் (1900–1944) ஆவார். கொழும்பிலிருந்து இயங்கிய இவர், நிழற்பட இணைப்பையும் ஒளிமாற்ற உத்திகளையும் தாராளமாகப் பயன்படுத்தினார். அவருடைய இணைப்புப் படங்கள் தம்மை இணைப்பென்றே வெளிப்படையாகக் காட்டிக்கொள்வன. பின்னர் நாம் நோக்கவுள்ள விடயத்துக்கு இவ்வெளிப்படைத்தன்மை முக்கியமானது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் நிழற்படம் பரவிய வரலாற்றுக்குத் தனியானதொரு பரிமாணம் உண்டு. உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்குதல் தகுமா என்னும் மார்க்க விவாதம் இங்கு உயிர்ப்புடன் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எகிப்திய முப்தி முஹம்மத் அப்துஹு, வணக்கத்துக்குரியதாகக் கொள்ளப்படாத உருவம் அறிவைப் பேணும் சாதனமாகலாம் என வாதிட்டிருந்தார். அதனை ஏற்காதோரும் பலர் இருந்தனர், இன்றும் உளர். ஆனால் விவாதம் முடியுமுன்னரே அரசு தன் பங்குக்குத் தீர்ப்பளித்துவிட்டது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டத்தின்கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, மீனவரும் நெசவாளரும் வயற்காரரும் கமராவின் முன் அமரவேண்டியவராயினர். ஹஜ்ஜுக்குச் செல்வதற்கான கடவுச்சீட்டும், பின்னர் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பும் அத்தேவையைப் பெருக்கின. கடைத்தெரு ஸ்ரூடியோக்களில் எதிர்ப்படிவத்தின்மீது கூர்பென்சிலால் முகத்தழும்பை மறைத்தவர்களே இன்றைய கணினித் திருத்தத் தொழிலாளரின் முன்னோடிகள் எனலாம். திருமணப் படங்கள் வந்தன. விருந்தும் படத்துள் வந்தது. பலர் வட்டமாயமர்ந்து உண்ணும் சஹன் சோறும் வட்டிலப்பமும் படமெடுக்கத்தக்க பொருள்களாயின.

வட்டிலப்பத்தைப் படமெடுப்பது எளிதன்று. கருப்பட்டியின் கருமை கலந்த அதன் கபில நிறத்தை வர்ணப் படச்சுருள் நெடுங்காலமாகச் சரிவரப் பதியவில்லை. இதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. கொடக் நிறுவனம் தன் வர்ண அச்சின் அளவுகோலாக வெள்ளையினப் பெண்ணொருத்தியின் படமுள்ள அட்டையை ஆய்வுகூடங்களுக்கு வழங்கி வந்தது. ‘ஷேர்லி அட்டை’ என்பது தொழிலாளர் அதற்கிட்ட பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாமே சரியென்பது கருத்து. மாநிற முகமும் வெண்ணிறத் தொப்பியும் ஒரே சட்டகத்தில் வந்தபோது ஒன்று கரிந்தது, அல்லது மற்றது வெளிறியது. கனேடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதன் பின்னணியை விளக்குகின்றது. கொடக் தன் படச்சுருளின் கபில நிறப் பதிவைச் சீர்செய்ய முன்வந்ததற்கு உந்துதலளித்தவர்கள், தம் பண்டங்களின் சாயல் வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லையென முறையிட்ட சொக்கலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட வணிகருமே என அவர் காட்டுகின்றார். மனிதத் தோலுக்காக நேராத திருத்தம் விற்பனைப் பண்டத்துக்காக நேர்ந்தது. நிறத்திருத்தம் வெறும் தொழில்நுட்பக் காரியமென எண்ணுவோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

உணவுப் படத்தில் வெளிப்பொருளைச் சேர்த்தமை பற்றிய பிரசித்தமான வழக்கும் வணிகத்தின்வழி வந்ததே. 1960களின் இறுதியில் கேம்பல் சூப் நிறுவனம், கிண்ணத்தின் அடியில் நிறமற்ற கண்ணாடிக் கோலிகளை இட்டு அதன்மேற் சூப்பை ஊற்றிப் படமெடுத்தது. அடியில் தங்கவேண்டிய காய்கறித் துண்டுகள் மேலெழுந்து, சூப் செறிவுள்ளதாகத் தோன்றியது. கோலி படத்தில் தெரியவில்லை, விளைவு மட்டுமே தெரிந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தலையிட, 1970இல் நிறுவனம் இம்முறையைக் கைவிட உடன்பட்டது. சட்ட மாணவர் குழுவொன்று இதிற் குறுக்கிட்டு, ஏமாற்றிய விளம்பரத்தைத் திருத்தும் விளம்பரத்தையும் அந்நிறுவனமே வெளியிடவேண்டுமெனக் கோரியது. அக்கோரிக்கை அவ்வழக்கில் நிறைவேறவில்லை. பொய்யை நிறுத்தினாற் போதாது, அது சென்ற தூரமெங்கும் திருத்தம் செல்லவேண்டும் என்ற அம்மாணவரின் கருத்து, அம்பாறையைப் பற்றி எண்ணுகையில் மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

கணினி இக்கைவினையை எளிதாக்கியது. 1990இல் போட்டோஷொப் வெளிவந்தது. 1994இல் அதில் அடுக்குகள் அறிமுகமானபின், ஒரு படத்தின்மீது மற்றொன்றைக் கண்ணாடித்தாள்போல் வைத்துத் தனித்தனியே திருத்தமுடிந்தது. வட்டிலப்பத் தட்டின் ஓரத்தில் களிமண்ணாற் செய்த சிறு ஆமையொன்றை ஏற்றுவதாகக் கொள்வோம். தட்டுக்கு ஒளி இடப்பக்கச் சன்னலிலிருந்து வந்திருப்பின், ஆமைக்கும் அதே பக்கத்திலிருந்து, அதே கோணத்தில் வரவேண்டும். கமராவின் உயரமும் ஒத்திருக்கவேண்டும். பகலொளியின் நிறவெப்பம் ஏறத்தாழ 5500 கெல்வின், இழைமின்குமிழின் நிறவெப்பம் ஏறத்தாழ 3000 கெல்வின். ஒன்றிலெடுத்ததை மற்றதில் வைத்தால் ஆமை மஞ்சளித்துத் தனித்து நிற்கும். இதற்காகவே இரு படங்களிலும் ஒரே சாம்பல்நிற அட்டையை வைத்தெடுத்து, அதனை அளவாகக்கொண்டு நிறத்தைச் சமப்படுத்துவர். பின்னர் பாகின் கபில நிறம் ஆமையின் அடிவயிற்றிற் சற்றே தெறிக்கவேண்டும். ஆமை தட்டைத் தொடுமிடத்தில் மெல்லிய கரிய நிழற்கோடு வீழவேண்டும். அந்நிழலில்லையேல் ஆமை அந்தரத்தில் மிதக்கும். தொடுநிழலிற்றான் இக்கலை நிற்கின்றது என்று தயங்காது கூறலாம்.

ஜப்பானியக் கலைஞர் தட்சுயா தனகா 2011 முதல் நாள்தோறும் வெளியிட்டுவரும் சிற்றுருவப் படங்களில் உணவுப் பொருள்கள் மலையாகவும் கடலாகவும் மாறுகின்றன. அவர் உருவங்களை நேரே வைத்தே படமெடுப்பவராயினும் நோக்கம் ஒத்தது. ஆமை உண்மையில் அங்கு நடந்ததென எவரும் கொள்வதில்லை. பார்ப்பவன் விளையாட்டென அறிந்தே மகிழ்கின்றான். வென்ட்டின் வெளிப்படைத்தன்மை இங்கும் தொடர்கின்றது.

அம்பாறையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அந்நகரின் அமைவை முதலிற் கருதவேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த குடியேற்ற நகரம் அது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டத்தின் தலைநகராயிற்று. கரையோர முஸ்லிம்களும் தமிழரும் அரச காரியத்துக்காக உள்நாட்டிலுள்ள சிங்களப் பெரும்பான்மை நகருக்குச் செல்லவேண்டியவராயினர். 1956இல் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது நடந்த வன்முறையின்போது, மட்டக்களப்பில் ஒரு சிங்களப் பெண் மானபங்கப்படுத்தப்பட்டாள் என்ற பொய்ச்செய்தி பரவியது. அப்பொய் வாய்மொழியாகச் சென்றது. அதற்குப் படம் தேவைப்படவில்லை.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில் வாடிக்கையாளர் ஒருவர் தம் கறியில் ஒரு வெண்ணிறக் கட்டியைக் கண்டார். அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை எனக் கூச்சல் எழுந்தது. காசாளரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு, சிங்களத்தில் வினாவி, கையடக்கத் தொலைபேசியிற் பதிவுசெய்தது. சிங்களம் நன்கறியாத தமிழ் பேசும் மனிதர் அவர். அச்சத்தில், வினாவைச் சரிவர விளங்காமலே, இட்டதாகப் பொருள்படும் விடையை அளித்தார். உணவகம் நொறுக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அவ்வொளிப்பதிவு முகநூலில் நாடெங்கும் பரவியது. ஒரு மாத்திரையால் மனிதரை நிரந்தர மலடாக்கும் மருந்தெதனையும் மருத்துவம் அறியாது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரும் அக்கட்டி மாவே எனப் பின்னர் உறுதிசெய்தார்.

இப்பதிவில் எவரும் எதனையும் வெட்டி ஒட்டவில்லை. ஒளி பொருந்தியது, நிழல் பொருந்தியது, நிறமும் திருத்தப்படவில்லை. கட்டி உண்மையாகவே கறியிற் கிடந்தது, காசாளர் உண்மையாகவே வாய்திறந்து விடையளித்தார். சேர்க்கப்பட்ட அந்நியப் பொருள் ‘மாத்திரை’ என்ற சொல் மட்டுமே. அச்சொல் தட்டிற் பொருந்தி நிற்பதற்கான தொடுநிழலைப் பல ஆண்டுகளாகப் பலர் வரைந்துவைத்திருந்தனர். முஸ்லிம்களின் பிறப்பு வீதம் பற்றிய பீதி, 2013இன் ஹலால் எதிர்ப்பு இயக்கம், கல்லோயாக் காலம்முதல் தொடர்ந்த காணிப் பிணக்கு என்பன அவற்றுட் சில. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்விளைவையும் இங்கு விடமுடியாது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி முப்பதாண்டுகள் கழிந்த பின்னரும், ஒரு தமிழ் பேசும் மனிதர் தம் மாவட்டத் தலைநகரில் தமக்கு விளங்காத மொழியில் விசாரிக்கப்பட்டார். அவ்விசாரணையை நடத்தியது நீதிமன்றமன்று, கும்பல். காசாளருக்குச் சிங்களம் தெரியாததே காரணமெனச் சிலர் கூறுவர். வினாவியோருக்குத் தமிழ் தெரியாததைக் காரணமாகக் கூறுவோர் அரியர்.

ஆகவே போலிப் படங்களைக் கண்டுபிடிக்கும் கருவிகளாற் பிரச்சினை தீருமென்னும் இன்றைய வாதம் முழுமையானதன்று. அம்பாறைப் பதிவை எந்தக் கருவியிலிட்டுச் சோதித்திருப்பினும் அது தேறியிருக்கும். களிமண் ஆமையின் படம் தேறியிராது. ஆமையால் எவர் வீடும் எரியவில்லை.

அடுத்த வாரமே மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. அங்கு உடனடிக் காரணம் வேறு. சாலைத் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதியொருவர் இறந்திருந்தார். ஆயினும் அம்பாறைப் பதிவு அதற்குள் சூழலைத் தயார்செய்திருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டு, ஒரு வாரமளவில் மீண்டும் திறக்கப்பட்டன. மாக்கட்டி பற்றிய பகுப்பாய்வு முடிவு வெளிவந்தபோது திகனவில் வீடுகள் ஏற்கனவே எரிந்திருந்தன. முகநூல் நிறுவனம் தன் தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.