நல்லவாட்டில் ஒரு பிரெஞ்சுச் சிங்கம்

இழைப்புளியின் தகடு அது. மூன்று விரல் அகலம். வாய் மட்டும் வெள்ளியாக மின்னுகிறது, மற்ற இடமெல்லாம் கறுத்த துரு. நடுவில் நீளவாக்கில் ஒரு துவாரம். அதற்கு மேலே குங்குமம் அடைத்துக்கொண்ட ஒரு குழிவு. நகத்தால் சுரண்டினால் உள்ளே ஒரு சிங்கம், அம்பின் மேல் நடந்துபோகிறது. அதை ஒட்டி, பாதி அழிந்த பிரெஞ்சு எழுத்துகளில் 'பெஜோ சகோதரர்கள்' என்றும் 'வார்ப்பு எஃகு' என்றும் இருக்கிறது.

காரில் வரும் அதே பெஜோதான். ஆனால் கார் அந்தக் குடும்பத்தில் பிந்திப் பிறந்த பிள்ளை.

தகடு இப்போது இருப்பது நல்லவாட்டில். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போய், தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் கடலில் முட்டும் மீனவர் ஊர். எங்கள் சைக்கிள் கூட்டம் அன்று பரங்கிப்பேட்டை வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். நெடுஞ்சாலையின் லாரிப் புகைக்குப் பயந்து கடலோரமாகவும் பாகூர் வயல்களுக்கு நடுவிலும் வளைந்து வளைந்து போவது எங்கள் வழக்கம். நெடுந்தூர சைக்கிள்காரர்களில் இன்னொரு வகை உண்டு. 'ப்ரெவே' என்பார்கள். இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, வழியில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அந்த விதிகளை இன்றும் உலகம் முழுக்கப் பார்த்துக்கொள்வது பாரிசில் 1904-இல் தொடங்கிய ஒரு மன்றம். அப்படிக் கடிகாரத்தைப் பார்த்து மிதித்திருந்தால் இந்தத் தகடு என் கண்ணில் பட்டிருக்காது.

நண்பர் ஒருவரின் சைக்கிளில் சீட்டுக் குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் ஒரு மைல் தாண்டுவதற்குள் முழங்கால் மார்பில் இடிக்கும். டீக்கடையில் விசாரித்ததும், "ஆசாரி வீட்டுல கேளுங்க, எதையாவது பண்ணிக் குடுப்பாரு" என்று கைகாட்டினார்கள்.

எழுபதைத் தாண்டிய மனிதர். குழாயைப் பார்த்தார், பொருத்தும் துளையில் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினார். "தம்பி, இது இறுக்குறதுல இல்ல. ஓட்டை கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்றார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய இழைப்புளியை எடுத்து, ஆப்பைக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டி, ஒரு பூவரசம் பலகையில் ஒரே இழுப்பு இழுத்தார். நீளமாக, எங்கும் அறுபடாமல் ஒரு சுருள் வந்தது. அதைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகித் திருகை முறுக்கச் சொன்னார். அன்று முழுவதும் சீட்டு இறங்கவில்லை.

காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தகட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கழற்றிக் கொடுத்தார்.

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி மோன்பெலியார் என்றொரு வட்டாரம். அங்கே பெஜோ குடும்பத்துக்கு ஒரு மாவு ஆலை இருந்தது. 1810-இல் ழான்-பியர், ழான்-ஃப்ரெதெரிக் என்ற சகோதரர்கள் அதை எஃகுப் பட்டறையாக மாற்றினார்கள். மாவரைத்த ஆற்று நீரே பட்டறைக்கும் விசை கொடுத்தது. முதலில் ரம்பம், பிறகு கடிகாரச் சுருள்வில். சீமாட்டிகளின் பாவாடையைக் குடையாக விரித்து நிறுத்தும் எஃகு வளையங்கள் கூட அங்கிருந்து போயிருக்கின்றன. காப்பிக்கொட்டை அரைக்கும் கையியந்திரம் 1840-இல் வந்தது, மிளகு அரைப்பது 1874-இல். அந்த மிளகு இயந்திரத்தை இன்றும் விற்கிறார்கள்.

சிங்கம் பிறந்தது ரம்பத்துக்காக. உள்ளூர்ப் பொற்கொல்லர் ஒருவர் 1847-இல் அதை வரைந்தார். 1858-இல் சட்டப்படி பதிவு செய்தார்கள். ரம்பத்தின் பல் சிங்கப் பல்லாக உறுதி, அலகு சிங்கத்தின் முதுகெலும்பாக வளையும், வெட்டு அதன் பாய்ச்சலாக வேகம் என்று விளக்கம் சொன்னார்கள். அம்பு அந்த வேகத்துக்கு. விளம்பர வாசகம்தான், இருந்தாலும் வெறும் வாய்ச்சவடால் இல்லை. சிங்கம் முதல் தரச் சரக்குக்கு மட்டும். இரண்டாம் தரத்துக்குப் பிறையும் மூன்றாம் தரத்துக்குக் கையும் குத்தினார்கள். இந்தத் தகட்டை முதலில் வாங்கிய நல்லவாட்டு ஆசாரியின் தாத்தா மலிவுச் சரக்கு வாங்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் எஃகு அடித்த அதே குடும்பம் 1882-இல் சைக்கிள் செய்ய இறங்கியது. முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் சிறியது, அந்தப் பழைய வகை. மெல்லிய எஃகுக் கம்பியும் பட்டையும் இழுக்கத் தெரிந்தவர்களுக்குச் சக்கரக் கம்பி பெரிய வித்தை இல்லை. 1905-இல் 'தூர் த ஃபிரான்ஸ்' பந்தயத்தை வென்றவர் ஓட்டியது பெஜோ சைக்கிள். நம் ஊரிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய சைக்கிள் தொழிற்சாலையும், தச்சர்கள் உளி தீட்டும் கார்போரண்டம் கல்லைச் செய்ய 1954-இல் வந்த நிறுவனமும் முருகப்பா குழுமத்துடையவை. ஆசாரியின் பெட்டியில் அந்தக் கல்லும் நடுவில் குழிந்துபோய்க் கிடந்தது.

தகடு இங்கே வந்த வழி கப்பல்வழி. மர்செய் துறைமுகத்தில் ஏறி, 1869-க்குப் பிறகென்றால் சூயஸ் வழியாக, கொழும்பு தொட்டுப் புதுச்சேரி. ஆனால் புதுச்சேரியில் கப்பல் கரையை அணைய முடியாது. கடலில் தள்ளி நங்கூரம் போட, சரக்கைச் சலங்கு எனும் படகுகள் போய் இறக்கும். 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருந்தது, பிற்பாடு புயல் அதைத் தின்றுவிட்டது. சலங்கில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு இந்தக் கரையின் அலையில் விரிசல் விடும், தைத்த படகு அலையோடு நெளிந்து கொடுக்கும். ஐரோப்பிய எஃகெல்லாம் கடைசி அரை மைல் இரும்பே இல்லாத படகில் வந்து கரையேறியது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

தாத்தா அதைப் பெரியகடைப் பக்கம் வாங்கினாராம். முதலியார்பேட்டையில் மில் வேலை, தறிக்கு வேண்டிய மரச்சாமான் இழைப்பது. வாங்கியது தகடு மட்டும். நம் தச்சர்கள் இழைப்புளியை முழுதாகக் கடையில் வாங்குவது அபூர்வம். தகட்டை வாங்கி, கட்டையைத் தாங்களே செதுக்கிக்கொள்வார்கள். கட்டை தேயும், வாய் அகலமாகும், வெடிக்கும். வேறு கட்டை செய்து அதே தகட்டை ஏற்றுவார்கள். இப்போது இருப்பது வேங்கைக் கட்டை. இவர் கல்யாணத்துக்கு முந்தின வருடம் இவரே செய்தது. அதற்கு முந்தியது அப்பா செய்த கருவேலம்.

தகட்டின் வயதை அதன் நீளத்தில் பார்க்கலாம். பழைய தகடுகள் முழுக்க எஃகு அல்ல. மெத்தென்ற இரும்பின் முகத்தில் மெல்லிய எஃகுப் பட்டையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். வெட்டும் முனைக்கு எஃகு போதும், மற்றது இரும்பாக இருந்தால் கல்லில் சுலபமாகத் தேயும், தீட்டுவதற்குத் தோள் நோகாது. எஃகு ஒட்டிய கோடு பக்கவாட்டில் மங்கலாகத் தெரிகிறது. தீட்டத் தீட்டத் தகடு குட்டையாகும். வாய் துவாரத்தை எட்டும்போது ஆயுள் முடிந்தது. இந்தத் தகட்டில் இனி ஒரு கட்டைவிரல் அகலம்தான் பாக்கி. காணாமல் போன மீதி நீளம் முழுவதும் மூன்று தலைமுறை வயிறு கழுவிய கணக்கு.

தகட்டின் மேல்பாதியில் அம்மைத் தழும்பாகக் குழிகள். அது 2004 டிசம்பர் 26 சுனாமியின் வேலை. நல்லவாட்டின் அன்றைய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. நல்லவாட்டு மையத்தின் ஒலிபெருக்கியில் தினமும் அலையின் உயரம் சொல்வார்கள். அன்று காலை, அந்த மையத்தில் முன்பு தொண்டராக இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்த இளைஞர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகளும் படகுகளும்தான் போயின.

"பெட்டியத் தூக்கணும்னு தோணல. பேரப்புள்ளயத்தான் தூக்குனேன்" என்றார் ஆசாரி. திரும்பி வந்து மணலுக்குள்ளிருந்து பெட்டியைத் தோண்டி எடுத்திருக்கிறார். ரம்பம் போயிற்று, மூலைமட்டம் போயிற்று. தகட்டை உப்பு அரித்திருந்தது. "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எண்ணெயும் குங்குமமும் வெச்சு வெச்சு அந்த எடம் ஊறிப்போயிருந்திச்சு. அதான் சிங்கத்தைத் துரு தின்னல." எண்ணெய் ஊறிய இரும்பில் உப்புநீர் சீக்கிரம் ஏறாது என்பது உண்மைதான்.

சுனாமிக்குப் பின் உதவியாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். கட்டுமரம் ஏற்கனவே குறைந்துகொண்டிருந்தது, அதோடு ஏறக்குறைய ஓய்ந்தது. ஃபைபர் படகுக்கு வாய்ச்சி வேண்டாம், உளி வேண்டாம். கண்ணாடி நாரும் பிசினும் கிரைண்டரும் போதும். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் கதவுகளின் ஓரத்தைச் சீவுவதுதான் இப்போது இந்தச் சிங்கத்துக்கு வேலை.

எங்களோடு வந்த ஒருவர் விலை கேட்டார். நகரத்தில் பழம்பொருள் கடைகளில் இது எவ்வளவு போகும் என்றும் சொன்னார். பெரியவர் பதிலே பேசாமல் தகட்டை வாங்கிக் கட்டையில் செருகி ஆப்பை அடித்தார். அதுதான் சரி. கண்ணாடிப் பெட்டியில் விளக்கு வெளிச்சத்தில் தொங்க வேண்டிய பொருள் அல்ல அது, இன்னும் ஒரு கட்டைவிரல் எஃகு மிச்சம் இருக்கிறது.

பாகூர் தாண்டிப் புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் மாறி மாறி வரும். 1949-இல் சுங்க உடன்பாடு முறிந்தபின் பிரெஞ்சுச் சரக்குகளுக்கு இங்கே கெடுபிடி இருந்தது. இப்போது சோதிப்பது பாட்டில்களை. பெண்ணையாறு, கடலூர் தாண்டிப் பரங்கிப்பேட்டை வந்தபோது வெயில் உச்சியில். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கேதான் இரும்பாலை வைத்தார். இங்கே உருக்கிய இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. மூசையில் உருக்கும் வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் அதைச் சற்று மாற்றிப் பயன்படுத்தி லாபம் பார்த்தார்கள். வழக்குப் போட்டு, அது முடிவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். மூசையில் எஃகு உருக்கும் வித்தையோ பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் நெடுங்காலத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. சாரதா சீனிவாசன் அதன் தடயங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மோன்பெலியாரில் பெருமையாக 'வார்ப்பு எஃகு' என்று குத்தி அனுப்பிய சரக்கு, அந்த வித்தையை அறிந்த நாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது.

வீட்டுப் பரணில் தாத்தாவின் உளியோ இழைப்புளியோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். துரு எடுக்க கிரைண்டரும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். முத்திரை முதலில் அழிவது அவற்றால்தான். ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து எண்ணெய் பூசுங்கள். யார் வாங்கியது, யார் கையில் தேய்ந்தது என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.