புல்லட் பொறியின் எண்ணெய்க் கசிவு

புல்லட் பொறியின் எண்ணெய்க் கசிவு என்பது, வட சென்னையின் திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் விசையுந்தின் பழைய வார்ப்பிரும்புப் பொறியிலிருந்து உயவு எண்ணெய் இணைப்புகள் வழியாக வெளியேறுவதைக் குறிக்கும். புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி கிடப்பது இயல்பே என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் இக்கசிவு தவிர்க்க முடியாத ஒன்றன்று. பொறியின் உள்ளழுத்தம், இணைப்பு முகங்களின் சீரின்மை, திருகுகளை அளவுக்கு மீறி இறுக்குதல் ஆகியவையே பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணங்களாகும். இவை மூன்றுமே சரிசெய்யக் கூடியவை.

வரலாறு

புல்லட் 350 இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் வடிவமைப்பாகும். 1955 ஆம் ஆண்டு அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் இதற்கென ஒரு தொழிற்சாலை அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பொருத்தப்பட்டன. பின்னர் பாகங்களும் இங்கேயே தயாரிக்கப்பட்டன. 1970 இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்ற பிறகும் திருவொற்றியூரில் அதே அடிப்படை வடிவமைப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. இதனால் 1940களின் இறுதியில் உருவான எண்ணெய் அமைப்பு 2000கள் வரை புதிய வண்டிகளிலும் இடம்பெற்றது.

எண்ணெய் இருக்கும் அறைகள்

இப்பொறியில் எண்ணெய் மூன்று தனித்தனி அறைகளில் உள்ளது. எந்த அறை கசிகிறது என்பதை அறியாமல் பழுது பார்ப்பது பயனற்றது.

* பொறி: இது உலர் தொட்டி முறையைச் சார்ந்தது. வணரித் தண்டு சுழலும் அறைக்குப் பின்புறம், அதே வார்ப்பின் பகுதியாக ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளும் எண்ணெய் அறை உள்ளது. ஒரு விசைக்குழாய் அங்கிருந்து எண்ணெயைப் பொறிக்கு அனுப்புகிறது. அதைவிடக் கொள்ளளவு மிகுந்த மற்றொன்று எண்ணெயைத் திரும்ப எடுத்துச் செல்கிறது.
* கியர் பெட்டி: பொறியின் பின்னால் தனியாகப் பொருத்தப்பட்டது. இதில் 90 எண் தடித்த எண்ணெயோ எண்ணெயும் கிரீசும் சேர்ந்த கலவையோ இடப்படும்.
* கிளட்ச் அறை: பொறியையும் கியர் பெட்டியையும் இணைக்கும் சங்கிலியும் கிளட்சும் இதில் உள்ளன. அரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய் போதுமானது.

கசிவுக்கான காரணங்கள்

உள்ளழுத்தம்: உந்துதண்டு கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் வணரி அறையின் கன அளவு 346 கன செ.மீ. குறைகிறது. நிமிடத்துக்கு 3000 சுழற்சி வேகத்தில் இது நொடிக்கு 50 முறை நிகழும். ஒற்றை உருளைப் பொறி என்பதால், இதை ஈடுசெய்ய எதிர்த்திசையில் நகரும் மற்றோர் உந்துதண்டு இல்லை. இந்தக் காற்று வெளியேற மூச்சுக்குழாய் ஒன்றும், காற்றை வெளியே மட்டும் விடும் ரப்பர் அடைப்பிதழும் உள்ளன. அடைப்பிதழ் இறுகிப்போனாலோ குழாய் மடங்கினாலோ உள்ளழுத்தம் எண்ணெயை இணைப்புகள் வழியே தள்ளும். உந்துதண்டு வளையங்கள் தேய்ந்தாலும் இதே விளைவு ஏற்படும். எனவே பல இடங்களில் ஒரே நேரத்தில் கசியும் பொறியில் முதலில் பார்க்க வேண்டியது மூச்சுக்குழாயே ஆகும்.

இணைப்பு முகங்கள்: வணரி அறை செங்குத்தாக இரு பாதிகளாகப் பிரியக் கூடியது. இதனுடன் டைமிங் மூடி, டாப்பெட் மூடி, உருளையின் அடிப்பகுதி, தலைப்பகுதி மூடிகள் எனப் பல இணைப்புகள் உள்ளன. உருளை வார்ப்பிரும்பாலும் அறை அலுமினியத்தாலும் ஆனவை. ஒரே அளவு வெப்பத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், இவற்றுக்கு இடையிலுள்ள கேஸ்கெட் காலப்போக்கில் நலிவடைகிறது.

மிகை இறுக்கம்: கிளட்ச் அறையின் வெளிமூடியை நடுவிலுள்ள ஒரே நட்டு பிடித்திருக்கிறது. விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்று பள்ளத்தில் அமர்ந்துள்ளது. கசிவை நிறுத்த எண்ணி நட்டை மேலும் இறுக்கினால் மூடியின் நடுப்பகுதி உட்குழிந்து விளிம்பு வளைகிறது, கசிவு கூடுகிறது. புதிய ரப்பர் வளையமும் அளவான இறுக்கமுமே இதற்குத் தீர்வாகும்.

வெளியே தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. வணரித் தண்டின் கிளட்ச் பக்க ஆயில் சீல் பழுதானால், பொறி எண்ணெய் கிளட்ச் அறைக்குள் செல்லும். தரையில் துளிகூட விழாமல் பொறியில் எண்ணெய் குறையும், கிளட்ச் வழுக்கும். இதைக் கவனியாமல் ஓட்டினால் இணைப்புத் தண்டின் பெரிய முனையிலுள்ள மிதக்கும் புஷ் எண்ணெயின்றிச் சிதைந்து பொறி நின்றுவிடும்.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

எண்ணெய் கீழ்நோக்கி வழிவதோடு காற்றினால் பின்னோக்கியும் பரவும். எனவே ஈரம் மிகுந்த இடம் பெரும்பாலும் கசிவின் தொடக்கம் அன்று. பொறியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலர்த்தி, ஐயமான இணைப்புகளில் முகப்பவுடரோ சுண்ணாம்புக் கட்டித் தூளோ தூவிச் சில நிமிடங்கள் இயக்க வேண்டும். தூளில் முதலில் கருமை படரும் இடமே கசியும் இடமாகும்.

அடைத்தல்

பழைய கேஸ்கெட்டைத் திருப்புளியாலோ உளியாலோ சுரண்டினால் மென்மையான அலுமினியத்தில் கீறல் விழும். அக்கீறலே அடுத்த கசிவின் பாதையாகும். கரைப்பானில் ஊறவைத்து மரச்சில்லால் நீக்குவது நல்லது. மூடியின் முகம் வளைந்திருந்தால், கண்ணாடிப் பலகையின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, அதில் மூடியை வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பின்னர் தூள் சிறிதும் தங்காமல் கழுவ வேண்டும்.

பட்டறைகளில் அனபாண்ட் போன்ற சிலிக்கான் பசைகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவற்றை மெல்லிய படலமாகவே பூச வேண்டும். வெளியே பிதுங்கும் அளவுக்குப் பூசினால் உள்ளேயும் பிதுங்கும். அது உதிர்ந்து எண்ணெய்த் துளைகளை அடைத்தால், ஒரு சிறு கசிவை நிறுத்தும் முயற்சி முழுப் பொறியையும் பழுதாக்கிவிடும்.

எண்ணெய் வடிக்கும் முறை

# பொறியைச் சில நிமிடங்கள் இயக்கி வெதுவெதுப்பாக்க வேண்டும். சூடான எண்ணெய் அழுக்குடன் விரைந்து வடியும்.
# வண்டியைச் சமதளத்தில் நடுத்தாங்கியில் நிறுத்தி, அடியில் அகன்ற தட்டு வைக்க வேண்டும்.
# எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்த பின்னர் அடியிலுள்ள வடிதிருகுகளைக் கழற்ற வேண்டும். இப்பொறியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிதிருகுகள் இருப்பதால் ஒன்றை மட்டும் திறந்தால் பழைய எண்ணெய் தங்கிவிடும்.
# வடிகட்டியையும் திருகுகளின் வாசர்களையும் புதிதாக மாற்ற வேண்டும். நசுங்கிய பழைய வாசர் மீண்டும் பொருந்தாது.
# திருகை முதலில் விரல்களாலேயே சுழற்றி ஏற்றி, இறுதியில் மட்டும் சாவியால் இறுக்க வேண்டும். நீண்ட கைப்பிடியுள்ள சாவியால் இறுக்கினால் அலுமினியத் திருகுமரை அறுந்துவிடும். அவ்வாறு அறுந்தால் உலோகச் சுருள் பதித்துப் புது மரை அமைக்க நேரும்.
# புதிய எண்ணெய் ஊற்றிச் சில நிமிடங்கள் இயக்கி நிறுத்திய பின்பே அளவுக்குச்சியைப் பார்க்க வேண்டும்.

நெடுநாள் நின்ற வண்டியில் எண்ணெய் விசைக்குழாய் வழியே கசிந்து வணரி அறையில் தேங்கும். அப்போது அளவுக்குச்சி குறைவாகக் காட்டும். இதை நம்பி மேலும் ஊற்றினால் மிகையான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே வெளியேறும்.

பயன்படுத்திய எண்ணெய்

பயன்படுத்திய எண்ணெயில் உலோகத் துகள்களும் எரிந்த கழிவுகளும் கலந்துள்ளன. இது தோலில் நெடுங்காலம் படுவது தீங்கானது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி இது தீங்கு தரும் கழிவாகும். இசைவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும். வட சென்னையில் தெருவில் கொட்டும் எண்ணெய் மழைநீர் வடிகால்கள் வழியே பக்கிங்காம் கால்வாயையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் அடையக் கூடும். 2017 சனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதாலும், 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போதும் பரவிய எண்ணெய் இப்பகுதி மீனவர்களைப் பெரிதும் பாதித்தது. அவற்றோடு ஒப்பிட ஒரு வண்டியின் 2 லிட்டர் மிகச் சிறிதே. ஆனால் விபத்தைப் போலன்றி, எண்ணெய் மாற்றுவது ஒவ்வொரு பட்டறையிலும் நாள்தோறும் நடப்பதாகும்.

பிற்காலப் பொறிகள்

2000களின் இறுதியில் பொறியும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பில் அமைந்த புதிய பொறிகள் வந்தன. மூன்று அறைகளுக்கு மாறாக ஒரே எண்ணெய், ஈரத் தொட்டி முறையில், அனைத்துப் பாகங்களுக்கும் பயன்பட்டது. இணைப்புகள் குறைந்ததால் கசியும் இடங்களும் குறைந்தன. பழைய வார்ப்பிரும்புப் பொறி வண்டிகள் இன்றும் பலரால் பேணப்பட்டு இயங்கி வருகின்றன.

இவற்றையும் பார்க்க

* உயவு எண்ணெய்
* உள் எரி பொறி
* திருவொற்றியூர்
* எண்ணூர்க் கழிமுகம்