மாட்டுச் சுரப்பியிலிருந்து முதுகுத்தண்டு வரை

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் முதுகுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியின் பிறப்பிடம். 1930களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல், மாட்டின் அட்ரீனல் சுரப்பிகளைக் குவியல் குவியலாகக் கரைத்து வடித்து, துளியளவு ஒரு பொருளைப் பிரித்தார். 'காம்பவுண்ட் ஈ' என்று பெயர். சுரப்பியை நம்பி மருந்து செய்ய முடியாது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டுப் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைத் தயாரித்தார்.

1948 செப்டம்பரில் மருத்துவர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கிய 29 வயதுப் பெண்ணுக்கு அதை ஊசியாகப் போட்டார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார், கடைக்கும் போய்வந்தார். கார்டிசோன் என்ற பெயரில் அந்த ஸ்டீராய்டு உலகப்புகழ் பெற்றது. 1950இல் கெண்டல், ஹென்ச், அதே சுரப்பியை ஆராய்ந்த ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு.

தொடர்ந்து கொடுத்தபோது வேறு முகம் தெரிந்தது: முகம் உப்பியது, எலும்பு வலுவிழந்தது. உடம்பெங்கும் பரவவிடாமல் வலிக்கும் இடத்திலேயே போட்டால்? 1951இல் மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் மூட்டுக்குள் ஹைட்ரோகார்டிசோனைச் செலுத்தியதை வெளியிட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் இத்தாலி, பிரான்ஸ் மருத்துவர்கள் அதை முதுகின் நரம்பு வேரருகே கொண்டுபோனார்கள். வழி ஏற்கெனவே திறந்திருந்தது. 1901இலேயே பிரான்சில் சிகார், கத்தலென் என்ற மருத்துவர்கள் தண்டுவட உறைக்கு வெளியே கோகெய்ன் செலுத்தியிருந்தார்கள்.

அங்கே ஸ்டீராய்டு செய்வது ஒன்றுதான்: பிதுங்கிய டிஸ்க்கால் புண்பட்ட நரம்பின் அழற்சியைத் தணிக்கும். டிஸ்க்கை அது சரிசெய்யாது. காலுக்கு இறங்கும் சயாடிகா வலிக்குச் சில வாரம் ஆறுதல் கிடைக்கலாம்; அந்த அவகாசத்தில் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிந்தால் அது பெரிய உதவி. தண்டுவடப் பாதை சுருங்கியவர்களுக்கோ, 2014இல் வெளியான 400 பேர் ஆய்வில், மரப்பு மருந்தை மட்டும் போட்டதைவிட ஸ்டீராய்டு சேர்த்ததால் பெரிய பலன் இல்லை.

இந்த ஊசியில் ஆபத்தும் உண்டு. 2012இல் மாசசூசெட்ஸில் ஒரு மருந்துக்கூடத்தில் தயாரான மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டின் குப்பிகளில் பூஞ்சை புகுந்தது. 750க்கும் அதிகமானோர் நோயுற்றனர், 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள் மூளைக்காய்ச்சலில் மாண்டதற்குக் காரணம் மன்னிக்க முடியாத அலட்சியம். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அரிதாகப் பார்வையிழப்பும் பக்கவாதமும் மரணமும் நேரலாம் என்று எச்சரித்தது. தண்டுவட உறைக்கு வெளியே போட எந்த ஸ்டீராய்டுக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்றும் சொன்னது.

கழுத்தில் ஆபத்து கூடுதல். மருந்தின் துகள்கள் ரத்தக்குழாயில் புகுந்தால் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போகும் ஓட்டம் அடைபடும். அதனால் கழுத்து ஊசிக்குச் சம்மதிக்கும் முன், துகளில்லாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடப்படுகிறதா, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசி ஏற்றுவார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.