கருத்துளைப் புரதங்களும் தசை உயிரணுவும்: ஓர் ஆய்வு வரலாறு

உட்கரு உறையில் துளைகள் இருப்பதை 1950இல் காலன், டாம்லின் ஆகிய இருவர் நீர்நில வாழ்விகளின் முட்டை உயிரணுக்களில் எதிர்மின்னி நுண்ணோக்கியால் கண்டனர். அதன்பின் நெடுங்காலம் அவை வெறும் வாயில்களாகவே கருதப்பட்டன. ஆர்.என்.ஏ. வெளியேறும், தேவையான புரதங்கள் உள்ளே வரும், அவ்வளவே.

1985இல் குந்தர் புளோபெல் ஒரு துணிச்சலான கருதுகோளை முன்வைத்தார். துளைகள் தற்செயலாகச் சிதறியவை அல்ல; இயங்கும் மரபணுக்களைத் தம் அருகே ஈர்த்து வைக்கின்றன; உயிரணுவின் வகைக்கேற்ப அவற்றின் அமைவும் மாறும் என்றார்.

உட்கருவின் விளிம்பைக் குறித்த ஆய்வு இந்தியாவிலும் நடந்தது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் குழுவினர், எலியின் தசை முன்னோடி உயிரணுக்கள் முதிரும்போது உறையை ஒட்டிய லேமின் புரதத்தின் அமைவு மாறுவதை 2001இல் காட்டினர். லேமின் துளைப் புரதம் அன்று, அதன் அண்டை வீட்டுக்காரர் எனலாம்.

கருத்துளை சுமார் 30 வகைப் புரதங்களால் ஆனது. இவற்றுள் நப்155இன் மரபணுப் பிறழ்வு இதயத் துடிப்பைச் சீர்குலைப்பது 2008இல் தெரியவந்தது. எல்லா உயிரணுக்களுக்கும் பொதுவான ஒரு வாயிலின் பழுது ஏன் ஓர் உறுப்பைக் குறிப்பாகத் தாக்க வேண்டும்? வாயில் என்ற விளக்கம் இங்கே போதவில்லை. 2010இல் பழ ஈக்களில் செய்த ஆய்வுகள், சில துளைப் புரதங்கள் துளையை விட்டு விலகி, உட்கருவின் உள்ளேயே வளர்ச்சி மரபணுக்களுடன் இணைவதைக் காட்டின.

திருப்பம் 2012இல் வந்தது. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் டி'ஏஞ்சலோவும் ஹெட்சரும், நப்210 என்ற புரதம் பெருகிக்கொண்டிருக்கும் தசை முன்னோடிகளிலும் கருநிலைக் குருத்தணுக்களிலும் இல்லை என்றும், வேறுபாடு தொடங்கியபின்னரே துளைகளில் சேர்கிறது என்றும் கண்டனர். அதன் உற்பத்தியைத் தடுத்தால் தசை உருவாகவில்லை. குருத்தணுக்கள் நரம்பு முன்னோடிகளாகவும் மாறவில்லை. ஆனால் துளைவழிப் போக்குவரத்தில் மாற்றமே இல்லை! வேறுபாட்டுக்குத் தேவையான மரபணுக்கள்தாம் விழிக்காமல் இருந்தன.

இது புளோபெலுக்குக் கிடைத்த வெற்றி என்று அவசரப்பட முடியாது. 2015இல் ஹெட்சரின் ஆய்வகமே, நப்210இன் முனையொன்றை நீக்கியதால் அதில் ஒரு பகுதி துளையை விட்டு விலகியபோதும் தசை உருவாவதைக் கண்டது. உறையின் இரு படலங்களுக்கு இடையே நீளும் பகுதியே முக்கியம் என்பது அவர்கள் முடிவு. டி'ஏஞ்சலோ குழுவோ 2017இல், நப்210 மெஃப்2சி என்ற படியெடுத்தல் காரணியைத் துளைக்கே வரவழைத்துத் தசை மரபணுக்களை இயக்குகிறது என்றது. ஒரே புரதம் இரு வேலைகளையும் செய்வதற்கும் வாய்ப்பு உண்டு.